அக்கா மகளுக்கு 25,000 ரூபாய்க்குள் கம்ப்யூட்டர்: புதுசா, பழசா?

#1 திருப்பூர்மாமன்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் பத்தாம் வகுப்பில் 461 எடுத்திருக்கிறாள். கோவில்பட்டி பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் சேர்ந்தாச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். 450-ஐத் தாண்டினால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகத் தீபாவளிக்குப் போனபோது வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது தினமும் விடிந்ததும் "மாமா, எப்போ?" என்று வாட்ஸ்அப் வருகிறது.

கையில் இருப்பது 25,000. இழுத்துப் பிடித்தால் 28,000 வரை போகலாம்.

இங்கே ஒரு கடையில் 24,990-க்குப் புது லேப்டாப் காட்டினார்கள். செலரான் என்4500, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கைக்கு அடக்கமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் தம்பியோ, "அண்ணே, அதைத் தொடாதீங்க. அதே காசுக்கு ஆபீஸில் ஓடிய பழைய லேப்டாப் எடுங்க" என்கிறான். மாமன் கொடுக்கும் பொருள், அதில் போய்ப் பழசை நீட்டுவதா என்று தயக்கமாக இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமெல்லாம் சும்மா இருக்க மாட்டார்கள்.

நான் மெர்ச்சண்டைசர். எக்ஸலும் மெயிலும் தெரியும். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னால்தான்.

#2 மதர்போர்டுமணி

தம்பி சொன்னது சரி. அந்த செலரான் சிப்பில் இருப்பது இரண்டே கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டுதான். 2017-இல் வந்த ஐ5-8250யூ சிப்பில் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும்). வயது அதிகம்தான், ஆனால் வேலை என்று வந்தால் செலரான் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. குரோமில் நாலு டேப், யூடியூபில் ஒரு பாடம், பக்கத்தில் வேர்டு ஃபைல் என்று வைத்தாலே செலரான் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, இந்த விலையில் வரும் பல மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியே இல்லை. சிலதில் எஸ்எஸ்டி-க்குப் பதில் அதைவிட மெதுவான இஎம்எம்சி. ஸ்டோரேஜ் என்று மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள், அது எது என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு லாட் லாட்டாகக் கழிப்பதுதான் ரீஃபர்பிஷ்டு, அதாவது சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய மெஷின் சந்தைக்கு வருகிறது. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5, இந்த மூன்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். மூன்றிலும் இரண்டு ராம் ஸ்லாட் உண்டு. எங்கள் பக்கம் இருபதாயிரத்தை ஒட்டித்தான் விலை சொல்கிறார்கள்.

#3 வெயிலுகந்தாள்

மணி அண்ணன் சொல்வது சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்குச் சரி. கேட்பவர் திருப்பூரில், பொருள் இருக்கப்போவது கோவில்பட்டியில், பயன்படுத்துவது பதினாறு வயதுப் பெண். பழுதானால் அவள் யாரிடம் போவாள்?

என் தம்பிக்கு இப்படித்தான் ரீஃபர்பிஷ்டு ஒன்று எடுத்தோம். சில மாதத்தில் சார்ஜ் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கடைக்காரரைக் கேட்டால் "பேட்டரிக்கு வாரன்டி கிடையாதும்மா". பிறகு திரையைத் தாங்கும் ஹிஞ்ச் போச்சு. அதற்கும் கிடையாது. எதற்குத்தான் வாரன்டி என்று கேட்டதற்கு, மதர்போர்டுக்கு என்றார். புதுசு என்றால் ஒரு வருடம் கம்பெனிக்காரன் பொறுப்பு. மெதுவாக ஓடினாலும் ஓடும்.

#4 மதர்போர்டுமணி

வெயிலுகந்தாள் அக்கா சொல்வது நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. பார்க்காமல் வாங்கினால் அப்படித்தான் ஆகும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிப்பின் தலைமுறை. "ஐ5 சார்" என்பதை மட்டும் கேட்டுத் தலையாட்டாதீர்கள். ஐ5 போட்ட பிறகு வரும் எண் 8-இல் தொடங்க வேண்டும். ஐ5-6300யூ, ஐ5-7300யூ எல்லாம் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால்தான் மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்கும். ஆறு, ஏழாம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். விலை நாலாயிரம் ஐயாயிரம் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது பூட்டு. கம்பெனியிலிருந்து வரும் மெஷினில் பயாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்குக்கு, பாஸ்வேர்டு இருக்கலாம். ஆன் செய்யும்போது திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 தட்டினால் பயாஸ் திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இதைவிட மோசமானது ஆட்டோபைலட், கம்பெனிகள் தங்கள் மெஷின்களை நெட் வழியாகப் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி. விண்டோஸை ரீசெட் செய்து, முதல் செட்டப்பில் வைஃபை இணைத்ததும் பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்தால், அந்தக் கம்பெனி தன் பதிவேட்டிலிருந்து இன்னும் அதை எடுக்கவில்லை என்று அர்த்தம். நெட் இணைக்காமல் செட்டப் செய்து காட்டினால் இது வெளியே தெரியாது. அதனால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, உங்கள் கண் முன்னால் செட்டப் செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரிக்குக் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபைல் உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லி விலை பேசுங்கள். டி480-இல் இரண்டு பேட்டரி, ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுவது. கடைக்குப் போகாமல் அவளே மாற்றலாம் என்பதால் எனக்கு அந்த மாடல் மேல் கொஞ்சம் பிரியம் அதிகம்.

திரையையும் பாருங்கள். டி480 என்றாலே நல்ல திரை என்றில்லை. 1366 x 768 திரையோடும் அது வந்தது, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். 1920 x 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்காத வகை) கேளுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்தால் கறை, கோடு, புள்ளி எல்லாம் தெரிந்துவிடும். நோட்பேடில் ஒரு எழுத்து விடாமல் அடித்துப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் எஸ்எஸ்டி-யின் உடல்நிலையைச் சொல்லும். மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது ஓரத்தில் விரிசல் சத்தம் கேட்டால் வேண்டாம்.

சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எங்கிருந்து வந்த பொருளோ யாருக்குத் தெரியும்.

#5 தட்டச்சுவாத்தியார்

மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். அவளுக்கு அது எதற்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லையே.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++ வருகிறது. அதோடு விண்டோஸும், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதள வகையைச் சேர்ந்த உபுண்டுவும் ஒரு பாடம். பிளஸ் டூவில் பைதான், மைஎஸ்க்யூஎல். இதெல்லாம் மேலே சொன்ன செலரானிலும் ஓடும், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. பாடத்துக்கு மட்டும் என்றால் மணி சொல்லும் அளவுக்கு வேகம் அவசியமே இல்லை.

ஆனால் லேப் பீரியடில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்கார்ந்து, கீபோர்டு எப்போதும் ஒருவர் கையிலேயே இருப்பதை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது பையன்களில் ஒருவன். வீட்டில் ஒன்று இருந்தால் பாடத்தோடு நிற்காமல் நோண்டிப் பார்ப்பாள். அதற்கு நல்ல கீபோர்டும், கண்ணை உறுத்தாத திரையும், நாலைந்து வருடம் தாங்கும் உடம்பும் வேண்டும். அந்த வகையில் என் ஓட்டும் பழைய ஆபீஸ் மெஷினுக்கே.

வாங்குவதானால் இந்த வருடமே வாங்குங்கள். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ வந்துவிட்டால் அக்கா அதைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிடுவார்.

#6 ஊஞ்சல்பலகை

எல்லோரும் லேப்டாப் என்றே பேசுகிறீர்கள். ஏன் டெஸ்க்டாப் கூடாது? பழைய ஆபீஸ்களிலிருந்து ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி என்று சின்ன டப்பாக்கள் வருகின்றன. மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். ஐ5-8500டி போட்டது என்றால் ஆறு கோர். அதோடு பழைய 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வெப்கேம் சேர்த்தாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும்.

முக்கியமான விஷயம், அது ஹாலில் இருக்கும். பிள்ளை என்ன செய்கிறாள் என்று போகிற வருகிறவர்கள் கண்ணில் படும். என் இரண்டு பிள்ளைகளும் ஹால் கம்ப்யூட்டரில் படித்தவர்கள்தான்.

#7 வெயிலுகந்தாள்

கோவில்பட்டி பக்கம் கரன்ட் போனால் என்ன செய்வது? யூபிஎஸ் கணக்கில் வரவில்லையே.

#8 ஊஞ்சல்பலகை

அந்தச் சின்ன டப்பா அதிகம் கரன்ட் தின்னாது. 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும், சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். சரி, அதற்கும் கொஞ்சம் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

#9 செமிகோலன்

நான் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். பிளஸ் ஒன்னில் என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, போனில்தான் சி++ அடித்தேன். அடைப்புக்குறி ஒன்றைத் தேட மூன்று முறை கீபோர்டு மாற்ற வேண்டும். அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து சொல்கிறேன் அண்ணா, எங்களுக்குப் புதுசு பழசு எல்லாம் பெரிய விஷயம் இல்லை. மெதுவாக ஓடுவதுதான் வெறுப்பேற்றும். கிளிக் செய்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் கை தானாகப் போனுக்குப் போய்விடும், அதோடு அன்றைய படிப்பு முடிந்தது.

ஹாலில் வைக்கச் சொல்லும் ஐயாவுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஹாலில்தான் டிவி. சீரியல் ஓடும்போது யாரால் புரோகிராம் எழுத முடியும்? யூடியூபில் பாடம் பார்த்தாலும் "என்ன படம் பார்க்கிறே?" என்று எட்டிப் பார்ப்பார்கள். மொட்டை மாடி, திண்ணை, தோழி வீடு என்று தூக்கிக்கொண்டு போவதற்கு லேப்டாப்தான். இரண்டு வருடத்தில் ஹாஸ்டல் வேறு வரும்.

அப்புறம் அண்ணா, வாங்கும் முன்பு அவளிடமே கேளுங்கள். சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம்.

#10 ஊஞ்சல்பலகை

ஹாஸ்டலுக்குப் போகும்போது அரசாங்கமே கொடுக்கிறதே அம்மா. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப் என்று அறிவித்தார்களே. இப்போது டெஸ்க்டாப், அப்போது அது.

#11 தட்டச்சுவாத்தியார்

அது இரண்டு ஆண்டுகளுக்கான அறிவிப்பு. இந்தப் பெண் கல்லூரிக்குள் நுழையும்போது அது தொடருமா என்று இன்றைக்கு யார் சொல்ல முடியும்? 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் பிள்ளைகள் வாங்கினார்கள். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருக்கும். அருமையான திட்டம். அப்புறம் கொரோனாவோடு நின்று, அடுத்தடுத்து வந்த பிள்ளைகள் ஏமாந்து நின்றதையும் பார்த்தேன். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

#12 திருப்பூர்மாமன்

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. செமிகோலன் தங்கச்சி சொன்னபடி அவளிடமே கேட்டேன். லேப்டாப்தான் வேண்டுமாம். "பழசு பரவாயில்லை மாமா, கீபோர்டில் லைட் எரியணும்" என்றாள். கேட்டது அது ஒன்றுதான்!

அக்காவிடம் பேசியதில்தான் சிக்கல். பழசு என்றதும், "ஏன்டா, செய்யறதை நல்லாச் செய்யக் கூடாதா, இல்லைன்னா விட்டுடு" என்கிறாள். அக்கா வீட்டுக்காரரும் ஒன்றும் பேசவில்லை, அந்த மௌனம் எனக்குத் தெரியும். வீட்டில் வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எனக்குத் தூரம். கோவையில் பார்க்கலாமா?

#13 காந்திமதிஆச்சி

கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பேரன் பேத்திகளுக்குப் பணம் கொடுத்ததோடு சரி. முறை தெரியும், அதைச் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் இதைச் சீர் கணக்கில் கொண்டுபோகாதீர்கள். சபையில் தட்டில் வைத்துக் கொடுத்தால் நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், பழசு என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். சபைக்கு வேறு வழி இருக்கிறது. அவளுக்கு ஒரு நல்ல பாவாடை தாவணியோ சுடிதாரோ எடுத்து, பழம் பூவோடு தட்டில் வைத்து முறையாகக் கொடுங்கள். அது மாமன் செய்முறை. லேப்டாப்பை அடுத்த நாள் வீட்டில், குடும்பத்தார் மட்டும் இருக்கும்போது கொடுங்கள். அது படிப்புச் செலவு. படிப்புக்குக் கொடுப்பதில் புதுசு பழசு யாரும் பார்ப்பதில்லை. அக்காவின் மனசும் ஆறும், அவள் வீட்டுக்காரருக்கும் பேச்சு இருக்காது.

மறைத்து மட்டும் கொடுக்காதீர்கள். புதுசு என்று சொல்லிக் கொடுத்துப் பின்னால் தெரிந்தால், அந்தப் பேச்சு உங்கள் மகள் கல்யாணம் வரைக்கும் வரும்.

#14 செமிகோலன்

ஆச்சி 🙏

#15 வெயிலுகந்தாள்

ஆச்சி சொன்ன பிறகு நான் என் கட்சியை விட்டுவிட வேண்டியதுதான். ஆனாலும் பேட்டரிக்கு எழுத்தில் வாரன்டி வாங்குங்கள். வாயால் சொல்வது செல்லாது.

#16 மதர்போர்டுமணி

கோவையில் தாராளமாகக் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிரச்சினை என்றால் திரும்பிப் போகிற தூரத்தில் கடை இருப்பதே நல்லது.

ராம் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. 16 ஜிபி ஆக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் பெரிய தொகை சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கட்டும், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும். 4-ம் 4-ம் போட்டுக் கொடுத்தால் பின்னால் கூட்டும்போது ஒன்றைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

அவள் கேட்ட கீபோர்டு லைட் எல்லா டி480-யிலும் இருக்காது. ஸ்பேஸ் பார் மேல் சின்னதாக விளக்குப் படம் இருக்கிறதா பாருங்கள். எஃப்என் கீயையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் எரிய வேண்டும்.

#17 ஹெட்ஷாட்ஹரி

இதுல வேலரன்ட் கேம் ஓடுமா ப்ரோ?

#18 மதர்போர்டுமணி

குறைந்த செட்டிங்கில் ஓடும். செக்யூர் பூட் ஆன் செய்ய வேண்டும், விண்டோஸ் வேண்டும், லினக்ஸில் ஓடாது. ஆனால் கேட்டது நீங்களா, அந்தப் பெண்ணா?

#19 தட்டச்சுவாத்தியார்

ஹரி கேட்டதில் தப்பில்லை. விளையாடத்தான் செய்வார்கள். என்னிடம் கேட்டால் மைன்கிராஃப்ட் போடச் சொல்வேன். ஜாவா பதிப்பு லினக்ஸிலும் ஓடும்.

லினக்ஸ் என்றதும் நினைவு வருகிறது. விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் ஒன்றும் போட்டுக் கொடுங்கள். பாடத்தில் உபுண்டு இருக்கிறது, மின்ட் அதன் மேல் கட்டியதுதான். தமிழில் படிக்க வேண்டும் என்றால் கணியம் தளத்தில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் இருக்கின்றன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழில் பேசும் வீடியோக்கள் உண்டு. தமிழ்99 விசைப்பலகையையும் முதல் வாரமே பழக்கிவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 'அம்மா' அடித்துத் தமிழாக மாற்றும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு விடாது.

#20 மதர்போர்டுமணி

வாத்தியார் ஐயா, முதல் மாதமே இரண்டு ஓஎஸ் வேண்டாமே. அவள் கை பழகட்டும். இரண்டையும் போட்டுக் கொடுத்து, ஒரு நாள் ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் என்று கேட்கும் பூட் மெனு சொதப்பினால் கோவில்பட்டியில் யார் பார்ப்பது?

#21 தட்டச்சுவாத்தியார்

சொதப்பினால்தானே கற்றுக்கொள்வாள்! சரி, பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். அதிலிருந்தே ஓடும், உள்ளே எதையும் தொடாது.

#22 திருப்பூர்மாமன்

வாங்கியாச்சு. கோவை காந்திபுரத்தில் ஒரு கடை. டி480, ஐ5-8350யூ, 8 ஜிபி ஒரே குச்சி, 256 எஸ்எஸ்டி, 1080 திரை. 21,500 சொன்னார், பேசி 20,800-க்கு முடிந்தது. பின்பக்க பேட்டரி அறுபது சதவீதம்தான் காட்டியது. மணி அண்ணன் சொன்னபடி ரிப்போர்ட் எடுத்துக் காட்டியதும் கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பேட்டரி மாட்டினார். ஆறு மாத வாரன்டி, பேட்டரிக்கும் சேர்த்து, பில்லிலேயே எழுதி வாங்கினேன். ஹாட்ஸ்பாட் போட்டு செட்டப் செய்தார்கள், எந்தக் கம்பெனிப் பெயரும் வரவில்லை. முதலில் காட்டிய மெஷினில் கீபோர்டு லைட் இல்லை, அதனால் அடுத்ததை எடுத்தேன்.

மீதிப் பணத்தில் பை, மவுஸ், பென்டிரைவ். சுடிதாரும் எடுத்தாச்சு ஆச்சி, அக்காவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சரி, கொண்டு வா" என்றாள்.

இரண்டு கேள்வி. நாளைக்கு 1.5 ஜிபியில் விண்டோஸ் அப்டேட் எல்லாம் தின்றுவிடாதா? ராத்திரி ரொம்ப நேரம் உட்காராமல் இருக்க ஏதாவது செட்டிங் உண்டா, அக்கா கேட்கச் சொன்னாள்.

#23 மதர்போர்டுமணி

நல்ல விலை. வைஃபை செட்டிங்கில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்குள் போய் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதை ஆன் செய்யுங்கள், பெரிய அப்டேட்களைத் தானாக இறக்காது. நீங்கள் கொடுப்பதற்கு முன்பு கம்பெனி வைஃபையில் எல்லா அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். அவள் ஊரில் இருக்கும்போது மாதம் ஒரு முறை வைஃபை இருக்கும் வீட்டில் வைத்து அப்டேட் செய்தால் போதும், ஒரேயடியாக நிறுத்தி வைக்க வேண்டாம்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது. அக்காவுக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு, அவளுக்கு ஒன்று. எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று அக்கா தன் போனிலிருந்தே வைக்கலாம்.

இன்னொன்று, சார்ஜரை எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில்தான் போடச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்வது நல்லது.

#24 செமிகோலன்

அண்ணா, பத்து மணிக்கு மூடுவது மாதிரி வைக்கச் சொல்லாதீர்கள். ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கவே ஒன்பதரை ஆகிவிடும். பதினொன்று என்று பேசி முடியுங்கள். ப்ளீஸ்.

#25 திருப்பூர்மாமன்

பதினொன்று என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். பத்தரையில் நிற்கிறது.

#26 ஹெட்ஷாட்ஹரி

ப்ரோ எனக்கும் ஒரு ஹெல்ப். அப்பா 30,000 தரேன்னு சொல்லிட்டார், கிராபிக்ஸ் கார்டோட டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணணும்...

#27 மதர்போர்டுமணி

ஹரி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தலைப்பில் பட்ஜெட்டைப் போடுங்கள், மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.